இலவசப் படிப்புக்கு எவ்வளவு காசு வேண்டும்?

கேள்வி: நான் கரவெட்டியைச் சேர்ந்தவள். கணிதப் பிரிவில் இரண்டாம் தடவை உயர்தரம் எழுதிப் பெறுபேறு வந்திருக்கிறது. இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி), போன வருடம் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு வந்த பொறியியல் வெட்டுப்புள்ளியை ஒட்டியபடி நிற்கிறது. கிடைக்கவும் கூடும், தவறவும் கூடும். அப்பா மேசன். வேலை இருக்கிற நாளில்தான் வருமானம். தம்பி அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். ரியூசன் சேர் மொறட்டுவையை முதலாவதாகப் போடு என்கிறார். அம்மா, கம்பசைத் தவிர வேறெங்கும் விடமாட்டேன் என்கிறா. அமெரிக்காவில் இருக்கிற மாமா, ‘சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம்தான் மலிவு, வெளியே போனால் மூன்று மடங்கு காசு. இங்கே எங்கள் பிள்ளைகளையும் அப்படித்தான் சேர்த்தோம். நீயும் யாழ்ப்பாணத்திலேயே படி’ என்கிறார். ஒன்றும் கிடைக்காவிட்டால் கொழும்பில் தனியார் பட்டப்படிப்பில் சேர முதல் வருடக் காசு தருவதாகவும் சொல்கிறார். எங்கள் வீட்டு நிலைக்கு எதை முதலில் போடுவது? மொறட்டுவையை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், யாழ்ப்பாணமும் கைவிட்டுப் போய்விடுமா?

— ஒரு மாணவி, கரவெட்டி

பதில்:

பிள்ளை, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உம்மை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

போகாது. மொறட்டுவையை முதலாவதாகப் போட்டதற்காக யாழ்ப்பாணத்தில் உமக்கு வரக்கூடிய இடத்தை யாரும் எடுத்துவிட மாட்டார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உமது இசட் புள்ளியை வைத்துக்கொண்டு, நீர் எழுதிய வரிசையில் மேலிருந்து கீழே வரும். முதலாவதற்குப் புள்ளி போதுமா? போதாது. இரண்டாவதற்கு? போதாது. மூன்றாவதற்குப் போதும் என்றால் அங்கே நிற்கும். அந்த இடத்தை முதலாவதாக எழுதிய பிள்ளைக்கும் மூன்றாவதாக எழுதிய உமக்கும் இடையில் பார்க்கப்படுவது புள்ளி மட்டும்தான்.

இதற்கு எதிர்மாறான பிழையைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெடியன் வந்தான். விண்ணப்பத்தின் அச்சுப்பிரதியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அவனுக்குப் பொறியியல்தான் ஆசை. ‘அது உனக்குக் கிடைக்காது, கிடைக்கிறதை மேலே போடு’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பௌதிக விஞ்ஞானத்தை முதலாவதாகவும் பொறியியலை நான்காவதாகவும் போட்டிருந்தான். அந்த வருடம் வெட்டுப்புள்ளி இறங்கியது. அவனுடைய புள்ளிக்குப் பொறியியல் கிடைத்திருக்கும். ஆனால் முதலாவது கிடைத்துவிட்டது, பிறகு நான்காவதைப் பார்க்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை. மடிப்பு விழுந்த தாளை என் மேசையில் விரித்து, அந்த நாலாவது வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவனுக்குச் சொல்ல என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே, கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசையை எழுத வேண்டாம். எது வேண்டும் என்று பார்த்து எழுதும். போன வருட வெட்டுப்புள்ளி போன வருடத்துக்கு உரியது. இந்த வருடம் அது ஏறுமா இறங்குமா என்று உமது சேருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதோடு இன்னொன்று: எங்கே கிடைத்தாலும் போகமாட்டேன் என்று உமக்கு நிச்சயமாகத் தெரிகிற ஒன்றை, இடத்தை நிரப்புவதற்காகப் பட்டியலில் எழுதாதேயும். எழுதியது வந்து சேரும்.

சரி, இனி ‘எது வேண்டும்’ என்பதற்குள் காசு எப்படி வருகிறது என்று பார்ப்போம். உமக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்று பேரும் உம்மில் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள், மூன்றிலும் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

மாமாவில் இருந்து தொடங்குகிறேன். அவர் சொன்னது அவர் இருக்கிற நாட்டுக்கு முழுக்கச் சரி. அங்கே அரச பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநிலத்துக்கு உரியவை. அந்த மாநிலத்தவர் கட்டுகிற வரியும் அதில் போகிறது. அதனால் மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியில் இருந்து வருகிற பிள்ளைக்கு இன்னொரு கட்டணம். 2023-24 கல்வியாண்டில் நான்கு வருட அரச பல்கலைக்கழகங்களில் இது சராசரியாக மாநிலத்தவருக்கு 11,260 டொலர், வெளி மாநிலத்தவருக்கு 29,150 டொலர். விடுதியும் சாப்பாடும் இதற்கு மேலே. இப்படி ஒரு இடைவெளியைக் கண்ணால் பார்த்த மனிதர், மருமகளுக்குச் சொந்த இடத்தைவிட்டுப் போகாதே என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்?

ஆனால் எங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இலங்கையில் பல்கலைக்கழகங்கள் மாகாணத்துக்கு உரியவை இல்லை. திருநெல்வேலியில் இருப்பதும் பேராதனையில் இருப்பதும் மாத்தறையில் இருப்பதும் ஒரே ஆணைக்குழுவின் கீழ், ஒரே திறைசேரிக் காசில் நடக்கின்றன. அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரைக்கும் நீள்கிறது. அனுமதி கிடைத்து உள்வாரியாகப் படிக்கிற பிள்ளை எங்கே போனாலும் கற்கைக் கட்டணம் இல்லை. வட மாகாணத்துப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் சலுகையும் இல்லை, ருகுணவில் தண்டமும் இல்லை.

எங்கள் நாட்டில் ‘சொந்த இடம்’ என்பது கட்டணத்தில் வராது, இடம் கிடைப்பதில் வரும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரியும். மிகுதி 5 வீதம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் போன்ற, கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். மாவட்டம் என்றால், பள்ளிக்கூட மாணவிக்கு அவர் படித்த பள்ளிக்கூடம் இருக்கிற மாவட்டம். உமக்கு அதில் சிக்கல் இல்லை என்றே உமது கடிதத்தில் இருந்து விளங்குகிறது.

அப்படியென்றால் செலவு எங்கே இருக்கிறது? படுக்கிற இடத்தில், சாப்பாட்டில், பஸ்ஸில். இங்கேதான் அம்மாவின் பேச்சுக்கு வரவேண்டும்.

அம்மா ‘கம்பஸ்’ என்று சொல்லும்போது எந்த இடத்தை நினைக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாரும். பரமேஸ்வராச் சந்தியைத்தான் நினைப்பார். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாக மாறி இவ்வளவு காலம் ஆகியும் எங்கள் சனத்தின் வாயில் அது கம்பஸ்தான். காலையில் நெல்லியடியில் பஸ் ஏறினால் பின்னேரம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும், இரவுச் சாப்பாடு என் கையால் போடலாம் என்பது அம்மாவின் கணக்கு.

ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அந்தச் சந்தியில் இல்லை, பிள்ளை. அது கிளிநொச்சியில், அறிவியல் நகரில் இருக்கிறது. 2014இல் அங்கேதான் தொடங்கியது. விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும்கூட அங்கேதான். கரவெட்டியில் இருந்து போவதென்றால் நெல்லியடிக்கு வந்து, கொடிகாமம் போய், ஏ9 வீதியில் பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி நகரம் எல்லாம் தாண்டி இறங்க வேண்டும். எட்டு மணி வகுப்புக்கு நிற்க வேண்டுமென்றால் இருட்டோடு வெளிக்கிட வேண்டும். ஆய்வுகூடம் முடிந்து திரும்பி வர இரவாகும். ஒரு கிழமை செய்யலாம். நான்கு வருடம் செய்ய ஏலாது. செய்தாலும் படிக்க நேரம் இருக்காது.

போன வருடம் ஒரு தாய் மகளோடு வந்திருந்தார். மகளுக்கு யாழ்ப்பாணம், பொறியியல் என்று வந்ததும் வீட்டில் பாயசம் காய்ச்சிக் கொண்டாடியிருக்கிறார்கள். பதிவுக் கடிதத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்த பிறகுதான் அது கிளிநொச்சி என்று தெரிந்திருக்கிறது. ‘அப்ப இவ வீட்டில இருக்க மாட்டாவா?’ என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை விண்ணப்பம் அனுப்ப முதல் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் உமக்கு இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பொறியியலுக்கு நீர் எங்கே போனாலும் வீட்டைவிட்டு வெளியேதான் தங்கப் போகிறீர். இது முடிவானால் கணக்கு மாறிவிடும். கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்குவதற்கும் பேராதனையில் தங்குவதற்கும் காசில் பெரிய வித்தியாசம், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துபோகிற பஸ் காசும் விடுதி கிடைக்கிறதா இல்லையா என்பதும்தான். பேராதனை, பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிப்பதற்கென்றே திட்டமிட்டுக் கட்டிய பல்கலைக்கழகம். அங்கே விடுதி கிடைத்து, கிளிநொச்சியில் கிடைக்காமல் போனால், 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறதே மலிவாக முடியலாம். மொறட்டுவையில் வெளியே அறை தேட வேண்டி வந்தால் கொழும்புப் பக்கத்து வாடகை. அது வேறு கதை.

ஒரு கொப்பி எடும். பட்டியலில் போட நினைக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும். மேலே கற்கைநெறியின் பெயர், அதன் யூனி-கோட், பீடம் உண்மையில் இருக்கிற ஊர். யூனி-கோட் என்பது கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் கொடுத்திருக்கிற குறியீடு. பிறகு அங்கே படிக்கிற, உமது பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கண்டுபிடித்துக் கேளும்: முதலாம் வருடத்துக்கு விடுதி கிடைத்ததா, இரண்டாம் வருடம் எங்கே தங்கினீர்கள், அறைக்கு எவ்வளவு, அறையில் சமைக்கலாமா, கன்டீனில் மத்தியானச் சாப்பாடு என்ன விலை. எந்தக் கைநூலிலும் இதெல்லாம் இருக்காது. உமது பள்ளிக்கூடத்தில் இருந்து போன அக்காமாரிடம் இருக்கும்.

கணக்கு எப்படி ஓடும் என்று காட்ட, நான் ஒரு பேச்சுக்குச் சில தொகைகளை வைக்கிறேன். நீர் கேட்டறிந்த விலையை எழுதி மாற்றிக்கொள்ளும். வெளியே தங்கினால் சாப்பாட்டுக்கு நாளுக்கு 700 ரூபாய் என்று வைப்போம். மாதம் 21,000. அறை 8,000. போட்டோ கொப்பி, டேட்டா, சவர்க்காரம் என்று 3,000. மொத்தம் 32,000. வருடத்துக்குப் பத்து மாதம் என்று நான்கு வருடத்துக்கு நாற்பது மாதம். 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். இனி வீட்டில் இருந்து திருநெல்வேலிக்குப் போகிற படிப்பைப் பாரும். பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 500, மாதத்தில் 22 நாள், 11,000 ரூபாய். நாற்பது மாதத்துக்கு 4 இலட்சத்து 40 ஆயிரம். அதுபோல, வெளியே தங்குகிற கணக்கில் நான்கு வருடமும் விடுதி கிடைத்தால் அறைக்காசில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேல் மிஞ்சும். விடுதிக்கு எடுப்பது சிறிய தொகைதான். விடுதி கொடுக்கும்போது வழக்கமாகத் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் முன்னுரிமை இருக்கும், இடையில் வெளியே தங்க நேரலாம்.

இதற்கு எதிராக வரவுப் பக்கத்தில், பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மகாபொல அல்லது பேர்சரி உதவித்தொகை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000இல் இருந்து 7,500 ரூபாயாகவும், பேர்சரியை 4,000இல் இருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். மேலே வைத்த கணக்கில் 7,500 என்பது பத்து நாள் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கூட. உதவிதான், ஆனால் அதை மட்டும் நம்பி ஒருவரும் வெளியே தங்கிப் படிக்க ஏலாது. இரண்டுக்கும் குடும்ப வருமானத்தைக் கிராம சேவகரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டும். அப்பா மேசன், சம்பளச் சிட்டை இல்லை. ஆகவே அனுமதி வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் இப்போதே அப்பா கிராம சேவகரைப் போய்ச் சந்திக்கட்டும். நாட்கூலி வேலை, மழைக்காலத்தில் வேலை இல்லை, தம்பியும் படிக்கிறான் என்பதையெல்லாம் உள்ளபடி சொல்லட்டும். வருமானத்தைக் குறைத்தும் சொல்ல வேண்டாம், வெட்கத்தில் கூட்டியும் சொல்ல வேண்டாம். எங்கள் ஆட்கள் பலர் இந்த இரண்டாவதைச் செய்துவிட்டுப் பிறகு கவலைப்படுவார்கள்.

முதல் ஆறு மாதத்தைத் தனியாகக் கணக்கில் வையும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் பேராதனைக்குப் போனது ஏ9 பூட்டியிருந்த காலம். காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கண்டி. அம்மா ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் மிளகாய்த்தூளை அடைத்து, மூடிக்குக் கீழே பொலித்தீன் வைத்து இறுக்கித் தந்தார். சங்கிலியை அடகு வைத்துக் கொஞ்சக் காசும் தந்தார். உதவிக்காசு முதல் மாதமே வரும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். பதிவு முடிந்து, சரிபார்த்து, பட்டியல் போட்டு வரக் காலம் செல்லும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் மாதம் என் இரவுச் சாப்பாடு அரை இறாத்தல் பாணும் அந்த மிளகாய்த்தூளில் போட்ட சம்பலும். வீட்டுக்கு எழுதவில்லை. அம்மாவிடம் அடகு வைக்க இன்னொரு சங்கிலி இல்லை என்று எனக்குத் தெரியும். மேல் வருட அக்கா ஒருவர் ஒருநாள் என் அறைக்கு வந்து, போத்தல் காலியாகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அடுத்த நாளில் இருந்து தன்னுடைய பானையில் எனக்கும் சேர்த்து அரிசி போட்டார். எல்லாருக்கும் அப்படி ஒரு அக்கா வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போம்.

பொறியியல் படிப்பில் கைத்தொழிற் பயிற்சி கட்டாயம். நிறுவனங்கள் கூடுதலாகக் கொழும்புப் பக்கம் இருப்பதால், எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் சில மாதம் அங்கே தங்க நேரலாம். கொப்பியின் எல்லாப் பொறியியல் பக்கத்திலும் அதை எழுதும். லப்டொப் ஒன்றும் எழுதும். அப்புறம், நான்கு வருடப் படிப்பு நான்கு வருடத்தில் முடியாமல் போவது எங்கள் நாட்டில் நடக்கிறது. கொரோனாக் காலத்திலும் 2022 நெருக்கடியிலும் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் இருந்து காத்திருந்தார்கள். அரை வருடம் மேலதிகமாக வைத்துக் கணக்குப் போட்டால் நெஞ்சிடி குறையும்.

இனி உமது சேர் சொன்னது. அவருடைய தலைமுறைக்குப் பொறியியல் என்றால் பேராதனை, இல்லாவிட்டால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிற கட்டுபெத்தை. இன்றைக்கு ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்துச் சேரக்கூடிய பொறியியல் பீடம் ஆறு இடத்தில் இருக்கிறது: பேராதனை, மொறட்டுவை, காலி ஹப்புகலவில் ருகுண, ஒலுவிலில் தென்கிழக்கு, கிளிநொச்சியில் யாழ்ப்பாணம், பிறகு ஸ்ரீ ஜயவர்தனபுர. படிப்பிக்கிற மொழி எங்கும் ஆங்கிலம். மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் உள்ள பெயர் வெறும் பெயர் இல்லை. பழைய மாணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், வேலைத்தலங்களில் அந்தத் தொடர்பு உதவும். அதோடு தெற்கில் நான்கு வருடம் இருந்தால் சிங்களம் பேச வரும். இந்த நாட்டில் வேலை செய்யப் போகிற பொறியியலாளருக்கு அது ஒரு சொத்து. இதையெல்லாம் நான் அம்மாவுக்கும் சொல்வேன். கிளிநொச்சிப் பீடத்தை வயது குறைந்தது என்பதற்காகத் தள்ளிவைக்கவும் வேண்டாம். எந்தப் பீடமாக இருந்தாலும், அதன் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா, எந்தத் துறைக்கு என்று நீரே பார்த்து உறுதிப்படுத்தும். வேலைக்கும் பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கும் அது முக்கியம்.

உமது இடத்தில் என் மகள் இருந்தால் எப்படிப் போடச் சொல்வேன் என்று கேட்பீர். பொறியியல்தான் மனதில் இருக்கிறதென்றால் மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம் என்ற மூன்றையும் முதலில் போடச் சொல்வேன். முதல் இரண்டில் எது மேலே என்பதைக் கொப்பியில் வந்த விடுதிக் கணக்கு சொல்லட்டும். மற்றப் பொறியியல் பீடங்களுக்கு முதல், திருநெல்வேலியில் இருக்கிற கணினி விஞ்ஞானத்தைப் போடுவதா என்று கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். அது வீட்டில் இருந்து போகக்கூடிய படிப்பு. அம்மாவின் ஆசையும் அப்பாவின் கைக்காசும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது. காலியில் பொறியியலா, வீட்டில் இருந்து கணினியா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கணினியில் உமக்கு உண்மையில் மனம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கடிதத்தில் அதைப்பற்றி நீர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

அதற்குக் கீழே எங்கள் சனம் கவனிக்காமல் விடுகிற சில இருக்கின்றன. வவுனியா 2021 ஓகஸ்டில் இருந்து தனிப் பல்கலைக்கழகம். அங்கே தகவல் தொழில்நுட்பமும் பிரயோக கணிதமும் கணிப்பிடலும் இருக்கின்றன, ரயிலிலும் போகலாம், தமிழ்ச் சூழல். மொறட்டுவையில் கணிய அளவையியல் (கட்டடத்துக்கு வேண்டிய பொருளையும் செலவையும் கணக்கிடுகிற படிப்பு), நகரத் திட்டமிடல். சபரகமுவவில் நில அளவை விஞ்ஞானம். கட்டட வேலையில் வளர்ந்த வீட்டுப் பிள்ளை நீர். அப்பா கல்லுக்கும் சீமெந்துக்கும் கணக்குப் போடுவதைச் சின்ன வயதில் இருந்து பார்த்திருப்பீர். கணிய அளவையியலைப்பற்றி ஒருமுறை வாசித்துப் பாரும். கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக உண்டு, அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். திகதியைத் தவறவிட்டால் பட்டியலில் எழுதியும் பயனில்லை.

மாமா தருவதாகச் சொன்ன தனியார் படிப்பு. அவரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளும்: இரண்டாம், மூன்றாம், நான்காம் வருடத்துக்கு யார் கட்டுவது? முதல் வருடக் காசு கிடைத்துச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் வருடம் காணி உறுதியை வங்கிக்குக் கொண்டுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கென்று வட்டியில்லாக் கல்விக் கடன் ஒன்றும் அரசாங்கம் நடத்துகிறது. வட்டி இல்லை என்றாலும் வாங்கிய காசைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். பொறியியலும் மற்றவையும் தவறினால், அந்த வழிக்கு முதல் குருநகரில் இருக்கிற உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்களைப் பாரும். அரச நிறுவனம், வீட்டில் இருந்து போகலாம். உமக்கு மூன்றாம் தடவையும் இருக்கிறது, ஆனால் அதற்கு இன்னொரு வருட ரியூசன் காசும் மனத்தெம்பும் வேண்டும். தம்பியின் வருடமும் அதே வருடம் என்பதை மறக்க வேண்டாம்.

மாமா உதவ விரும்புகிறார், அதை வேண்டாம் என்று தள்ளாதேயும். அவர் ஒரு தனியார் படிப்பின் முதல் வருடத்துக்கு ஒதுக்கிய காசு, அரச பல்கலைக்கழகத்துக்குப் போகிற உமக்கு ஒரு நல்ல லப்டொப்பும் நான் சொன்ன அந்த முதல் ஆறு மாதமும் ஆகும். கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பும். அங்கே பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்துச் சேர்த்தவர், தொகையைக் கண்ணால் கண்டால் உடனே விளங்கிக்கொள்வார்.

பகிடிவதையைப்பற்றி நீர் கேட்கவில்லை, ஆனால் அம்மா விடமாட்டேன் என்பதற்குள் அந்தப் பயமும் இருக்கும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனை வரைக்கும் போகும். தூரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் நடக்கும், பக்கத்தில் நடக்காது என்று எண்ணி இடத்தைத் தெரிய வேண்டாம். நடந்தால் மறைக்காமல் வீட்டுக்கும் பீடத்துக்கும் சொல்வேன் என்று அம்மாவுக்கு இப்போதே வாக்குக் கொடும்.

விண்ணப்பத்தை அனுப்ப முதல் ஒரு காரியம் செய்யும். ஒரு வேலைநாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, வகுப்புக்குப் போகிற பிள்ளை வெளிக்கிடுகிற நேரத்துக்கே வெளிக்கிட்டு, நெல்லியடியில் இருந்து அறிவியல் நகர் வரைக்கும் பஸ்ஸில் போய் வாரும். கன்டீனில் அம்மாவோடு மத்தியானம் சாப்பிடும். பக்கத்தில் அறை கொடுக்கிற வீடுகள் இரண்டு மூன்றை விசாரியும். பின்னேரம் திரும்பி வரும்போது எந்த இடத்தில் இருட்டுகிறது என்று அம்மாவே பார்க்கட்டும். அன்றிரவு கொப்பியை நடுவில் வைத்து, அப்பாவும் இருக்கத்தக்கதாக, வரிசையை எழுதும்.